ஒரு தடவைதான் என்றாள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் திருடியது. திருட்டை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் கடைசி வரி வரை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது, வாரப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைப்பவர்களின் அனுபவப் பாடம்.

எனக்கு எதிர் நாற்காலிகளில் இரண்டு பெண்கள். ஒருத்திக்குக் கன்னம் ஆரஞ்சுப் பழம் போல வீங்கியிருந்தது. ஆனாலும் அவள் பேச்சை நிறுத்தவில்லை. வலியைவிட விஷயம் பெரிது போலிருந்தது.

“ஒரு தடவைன்னாலே முடிஞ்சு போச்சுன்னு அந்த வீட்டு ஐயா சொல்றார். அஞ்சு தடவை ஆனாத்தான் சட்டம்னு அந்த வீட்டு அம்மா சொல்றாங்க. நம்ம சர்ச்ல கேட்டா அப்படி ஒரு சட்டமே கிடையாதுங்கிறாங்க. கடைசியில எல்லாரும் சேர்ந்து அந்த நர்ஸோட வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.”

“அவ என்னதான் சொன்னா?”

“அதைக் கேளு! நேரா அந்தப் பையன் முகத்தைப் பாத்து—”

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். கன்னம் வீங்கியவள் எழுந்து போனாள். முடிவையும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. தோழி கேட்டதற்கெல்லாம் கையை ஆட்டினாள். அந்தக் கையாட்டலுக்கு ஆமாம், இல்லை, வலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று எந்தப் பொருளும் சொல்லலாம்.

நான் அவர்கள் பின்னால் தெருமுனை வரை நடந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயனில்லை. ஆட்டோவில் ஏறிவிட்டார்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘இரண்டு மதங்கள். இரண்டு இதயங்கள். ஒரே ஒரு—’

(அடித்துவிட்டேன். இதே தொடக்கம் என் பெயரில் மூன்று முறை அச்சாகியிருக்கிறது. வாசகர்கள் மறந்திருப்பார்கள், பிழை திருத்துபவர் மறக்க மாட்டார்.)

‘சட்டம் என்பது யாது? மனிதன் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்ளும் கயிறா, அல்லது கிணற்றில் விழுந்தவன் பிடித்து ஏறும்—’

(இது கட்டுரை. பத்திரிகை ஆசிரியர் கயிறு வரைக்கும்கூடப் படித்துக்கொண்டு வர மாட்டார்.)

‘முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மகப்பேறு வார்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில்—’

(இது நன்றாக இருக்கிறது. ஆனால் இப்போதே சொன்னால் குட்டு உடைந்துவிடும். ஐந்தாம் பகுதிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.)

ஆசிரியரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“அருமை! சிறப்பிதழுக்கு நல்லிணக்கக் கதை ஒண்ணு வேணும்னுதான் இருந்தேன். ரெண்டு மதம், ஒரு கல்யாணம், யார் மனசும் நோகக் கூடாது. படம் வேற ரெடியா இருக்கு.”

“நான் இன்னும் எழுதவே இல்லையே, படம் எப்படி?”

“ஓவியர் அடுத்த வாரம் லீவு. அதனால முன்கூட்டியே வாங்கிட்டேன். மாப்பிள்ளை, பொண்ணு, பின்னால ஒரு அம்மா சிரிச்சுக்கிட்டே நிக்கிறாங்க. படத்துக்கு ஏத்த மாதிரி முடிச்சிடுங்க.”

படத்தை அனுப்பினார். அந்த அம்மாள் நன்றாகத்தான் சிரிக்கிறாள். எதற்காகச் சிரிக்கிறாள் என்று ஓவியருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள்.

3

இனி அவளைப் பற்றி.

அவள் பெரிய மருத்துவமனையில் அறுவைக்கூட நர்ஸ். வயிற்றைக் கிழிப்பதும் தைப்பதும் டாக்டர் வேலை. உள்ளே போன பஞ்சுத் துண்டுகள் எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று எண்ணுவது அவள் வேலை. ஒன்று குறைந்தாலும் “தைக்காதீங்க சார்” என்று ஒரே குரலில் சொல்வாள். எப்பேர்ப்பட்ட பெரிய டாக்டராக இருந்தாலும் ஊசியோடு நிற்பார். முப்பத்திரண்டு வருடங்களில் ஒரு நோயாளியின் வயிற்றிலும் அவள் ஒரு நூலைக்கூட விட்டுவைத்தது இல்லை.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஆரம்பத்தில் சந்தேகம் இருந்தது. எண்ணுவதையே தொழிலாகக் கொண்டவளிடம் போய் ‘எத்தனை’ என்று கேட்பது ரொம்பவும் செய்து வைத்ததுபோல் இல்லையா? தையல்காரியாக மாற்றிப் பார்த்தேன். ஆனால் தையல்காரி ஏற்கெனவே கதையில் ஒருத்தி இருக்கிறாள். வாழ்க்கை சில சமயம் என்னைவிட மட்டமான கதாசிரியர், என்ன செய்வது.)

நர்ஸுக்குக் கணவர் இல்லை. ஆறு வருடங்களுக்கு முன்பு போய்விட்டார். கணவரின் தம்பி ஒரு ஜெபக்கூடத்தில் பாஸ்டர். ஒரே மகள். கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கும் வேலை. வருகிறவர்களைச் சின்ன எழுத்து வரை படிக்கவைத்துவிட்டுத்தான் விடுவாள்.

அந்தத் தையல்காரி, நர்ஸின் முப்பது வருடச் சிநேகிதி. முஸ்லிம். அவளுடைய கணவர் பேருந்து நிலையத்தில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் குழம்பு கொதிப்பதற்குக்கூட அவரிடம் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய மகன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். நண்பர்கள் அவனை ‘மேல்கீழ்’ என்பார்கள்.

மேல்கீழும் நர்ஸின் மகளும் நான்கு வருடங்களாக ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். நேரக் கண்காணிப்பாளர் முதல் இரண்டு வருடம் பேசவில்லை. மூன்றாவது வருடம் முறைத்தார். நான்காவது வருடம் தன் பள்ளிவாசலில் மார்க்கம் சொல்லும் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். முஸ்லிம் ஆண் கிறிஸ்தவப் பெண்ணை மணக்கலாம், சட்டத்தில் இடம் உண்டு என்றார் ஹஜ்ரத். “சட்டம் இடம் கொடுக்கும்போது நான் யார் மறுக்க?” என்று சொல்லிவிட்டு, ஒரு ஞாயிறு மாலை நாலு மணிக்கு, சரியாக நாலு மணிக்கு, மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு பெண் கேட்க வந்தார்.

தேநீர், பிஸ்கட். பாஸ்டர் தம்பியும் இருந்தார். வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னார், மாப்பிள்ளையைத் தவிர. பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, தையல்காரி வாயைத் திறந்தாள். கணவரின் மனசை இன்னும் கொஞ்சம் இளக்கிவிடலாம் என்ற நல்ல எண்ணம்தான்.

“நாம என்ன புதுசாவா சம்பந்தம் பண்றோம்? இவன் பொறந்தப்போ நான் நினைவில்லாம கிடந்தேனே, இவனுக்கு முதல் பால் கொடுத்ததே அக்காதான்!”

நேரக் கண்காணிப்பாளர் கோப்பையைச் சாஸரில் வைத்தார். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“என்ன சொன்னே?”

“ஏன், நல்லதுதானே சொன்னேன்?”

“இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“பொம்பளைங்க விஷயம், ஒங்ககிட்ட எதுக்கு? ஒரு தடவைதான். அக்காவே சொன்னாங்க. இல்லக்கா?”

நர்ஸ் தலையை ஆட்டினாள். ஆட்டினாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“ஒரு நிமிஷம் லேட்டும் லேட்டுதான். ஒரு தடவையும் தடவைதான்.” அவர் எழுந்துவிட்டார். “அப்போ இந்தப் பொண்ணு அவனுக்குத் தங்கச்சி.”

4

இங்கே வாசகர்களுக்குக் கொஞ்சம் சட்டம் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (இது கதை. தீர்ப்பு வேண்டுவோர் தீர்ப்புச் சொல்பவரிடம் போகவும்.)

இஸ்லாமியச் சட்டத்தில், பால்குடிக் குழந்தைக்குப் பால் கொடுத்தவள் அதற்குத் தாய் ஆகிவிடுகிறாள். அவள் பெற்ற பிள்ளைகளெல்லாம் அதற்கு உடன்பிறப்புகள். அவர்களுக்குள் திருமணம் கூடாது. இதுவரை எல்லோரும் ஒன்று. எவ்வளவு குடித்தால் என்கிற இடத்தில்தான் பாதை பிரிகிறது. மத்ஹபு எனப்படும் சட்டப் பள்ளிகளில் ஒன்று, ஒரு முறை குடித்தாலே போதும் என்கிறது. இன்னொன்று, ஐந்து முறையாவது குடித்திருக்க வேண்டும் என்கிறது. நேரக் கண்காணிப்பாளர் முதல் பள்ளி. தையல்காரி பிறந்த வீடு இரண்டாவது. முப்பது வருடத்துக்கு மேலான குடித்தனத்தில் அந்த வித்தியாசம் தொழுகையில் கையை எங்கே கட்டுவது என்கிற அளவோடு நின்றிருந்தது. இப்போது மகன் கல்யாணத்தில் வந்து நிற்கிறது.

நர்ஸின் மகளான கண்ணாடிக் கடைக்காரிக்குத் தாங்கவில்லை. “நான் பொறந்ததே அதுக்கு மூணு வருஷம் கழிச்சு! அவன் குடிச்ச பால் எனக்கு எப்படிச் சொந்தமாகும்?” என்று தையல்காரியோடு போய் அவள் பிறந்த வீட்டு வழி மார்க்க அறிஞரான ஆலிமிடமே கேட்டாள். ஆலிம் பொறுமையானவர்.

“பாலுக்குக் காலண்டர் கிடையாதும்மா. முன்ன பொறந்தவங்க, பின்ன பொறந்தவங்க எல்லாருமே உடன்பிறப்புதான். ஆனா அஞ்சு தடவை ஆகணும்.”

“ஒரு தடவைதான் ஆலிம்சா!” என்றாள் தையல்காரி.

“தடவைன்னா என்ன? குழந்தை தானா வாயை எடுத்துட்டா அது ஒரு தடவை. மூச்சு வாங்கிட்டு உடனே திரும்பினா அதே தடவை.”

“நடுவுல விக்கல் வந்தா?”

“விக்கல் நிக்கட்டும், அப்புறம் பேசுவோம்” என்று சிரித்தார் ஆலிம். “நீங்க நினைவில்லாம இருந்தீங்க. உங்க சொல் இதுல கேள்விப்பட்ட சொல்தான். கொடுத்தவங்க வாயால கேட்டுட்டு வாங்க. அஞ்சுக்குக் குறைவுன்னா என் பள்ளியில தடை இல்ல.”

நேரக் கண்காணிப்பாளரும் ஒரு படி இறங்கி வந்தார். மகன் ஓதிப் படித்தது தாய்வழிப் பாட்டனார் பள்ளிவாசலில். “அவன் படிச்ச சட்டம் அவனுக்கு. அந்தம்மா அஞ்சுக்குக் கீழேன்னு சொல்லட்டும். நான் வாயை மூடிக்கிறேன்.”

இதற்குள் நர்ஸ் தன் பங்குச் சட்டத்தைத் தேடிப் போயிருந்தாள். அவளுடைய கத்தோலிக்கக் கோயில் அலுவலகத்தில் ஃபாதர் கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

“பாலா? நம்ம சட்டத்துல அது தடையே இல்லம்மா. தடை வேற. மாப்பிள்ளை ஞானஸ்நானம் வாங்காதவர். பிஷப் அனுமதி வாங்கணும். பிள்ளைங்களைத் திருச்சபையில வளர்க்க என்னால முடிஞ்சதைச் செய்வேன்னு உங்க பொண்ணு வாக்குக் கொடுக்கணும்.” பிறகு, விஷயம் தெரிந்தவர்களுக்கே உரிய சந்தோஷத்தோடு சேர்த்துக்கொண்டார்: “உறவுன்னு பாத்தா, முன்னெல்லாம் நம்மகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. ஞானஸ்நானத்துல ஒரு பொண்ணைக் கையில ஏந்தின ஞானத்தகப்பன் பின்னால அவளைக் கட்டக் கூடாது. நம்ம சட்டத்துல அதை எடுத்துட்டாங்க. கேரளா பக்கம் இருக்கிற கீழைச் சபைகள்ல இன்னும் இருக்கு.”

“தண்ணியில உறவு வரும்னா, பால்ல வரக் கூடாதா ஃபாதர்?”

ஃபாதர் தட்டுவதை நிறுத்தினார். “நல்ல வேளை, நீங்க நர்ஸ் வேலைக்குப் போனீங்க.”

அவள் சிரிக்கவில்லை. “இன்னொண்ணு கேக்கணும். ஒருத்தர் மனசு நோகக் கூடாதேன்னு ஒரு பொய் சொல்லிட்டா?”

“எப்போ?”

“ரொம்ப நாளாச்சு.”

“பொய் பொய்தான்னு சொல்றவங்க உண்டு. உண்மையைக் கேக்க உரிமை இல்லாதவங்ககிட்ட மறைக்கலாம்னு சொல்றவங்களும் உண்டு. பெரிய பெரிய ஆளுங்களே இதுல அடிச்சுக்கிட்டிருக்காங்க.”

“கேக்கறவருக்கு உரிமை இருந்தா?”

“அப்போ யாருமே அடிச்சுக்கல” என்றார் ஃபாதர்.

பாஸ்டர் தம்பியோ தானாகவே வீடு தேடி வந்தார். “அண்ணி, வேதத்துல பால் ஒரு பிரச்சினையே இல்ல. ஆள்தான் பிரச்சினை. விசுவாசம் இல்லாதவனுக்குப் பொண்ணு கொடுக்கக் கூடாது.” (அவருடைய ஜெபக்கூடத்துக்கு அடுத்த தெரு ஜெபக்கூடத்தில், கட்டின பிறகு விசுவாசத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று ஒரு பாஸ்டர் சொல்கிறார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.) “ஆனா அவங்க சட்டத்தைப் பத்திக் கேள்விப்பட்டேன். ஒரு தடவையே போதுமாமே? எவ்வளவு அருமையான சட்டம் அண்ணி! நம்மாளுங்களுக்கு ஏன் இது தோணலை?”

அதே நேரத்தில் மூன்று தெரு தள்ளி, தையல்காரி பாவாடைக்கு மடிப்பு வைத்தபடி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “கிறிஸ்தவங்க சட்டத்துல பாலைப் பத்திப் பேச்சே இல்லையாம். எவ்வளவு பெருந்தன்மையான சட்டம் பாருங்க!”

ஆசிரியர் கேட்ட நல்லிணக்கம் இதுதான். இதற்கு மேல் என்னால் தர முடியாது.

5

எடுத்து வைத்த தொடக்கம் இங்கே வருகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மகப்பேறு வார்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இரண்டு பெண்கள். ஒருத்தி அந்த மருத்துவமனையிலேயே வேலை பார்த்த இளம் நர்ஸ். அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தை இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் பால் சுரந்தது, குழந்தை இல்லை.

மற்றவள் தையல்காரி. அறுவைக்குப் பிறகு காய்ச்சல் தலைக்கேறி, நினைவு தப்பி, வேறு மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளுடைய மகன் வார்டில் தனியாகக் கிடந்து கத்தினான். பாட்டிலை வாயில் வைத்தால் துப்பினான். வார்டு மேற்பார்வை அம்மாள் வந்து இளம் நர்ஸின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டாயப்படுத்தவில்லை. “உன்னால முடியுமாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

முடிந்தது.

எத்தனை முறை என்று

(இந்த வாக்கியத்தை இரண்டு நாள் இப்படியே பாதியில் விட்டிருந்தேன். எண்ணைச் சொல்லாமலே கதையை முடித்துவிடலாமா என்று பார்த்தேன். ‘ஒன்றோ இரண்டோ, யாருக்குத் தெரியும்’ என்று பூசி மெழுகலாம். ஆனால் இவள் பஞ்சுத் துண்டை எண்ணுகிறவள். இவளுக்கு மறந்துவிட்டது என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.)

எண்பத்து மூன்று.

பதினோரு நாள். இறந்துபோன தன் குழந்தையின் காய்ச்சல் அட்டையில் இரண்டு நாளுக்கு மட்டுமே கோடு இருந்தது. அந்த அட்டையின் பின்பக்கத்தில், ஒவ்வொரு முறை பால் கொடுத்து முடித்ததும் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். நான்கு நிமிர்ந்த கோடு, ஐந்தாவது குறுக்கே. ஏன் போட்டாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. அந்தக் கோடுகளைப் போடுகிற நேரத்தில் வேறு எதையும் நினைக்காமல் இருக்க முடிந்தது, அவ்வளவுதான்.*

* அந்த அட்டை இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். சாட்சிக்குத் தாள் வந்துவிட்டால் எனக்குக் கதை போய்விடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நர்ஸ் வேலைக்கு நம் மொழி எடுத்துக்கொண்ட ‘செவிலி’ என்கிற பெயர், பழைய பாட்டுகளில் வளர்த்த தாயின் பெயர். அரசாங்கப் படிவத்தில் அவள் தன் தொழிலை எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறாள். இதை வைத்து நான் எதுவும் செய்யப் போவதில்லை. சொல்லாமல் இருக்கவும் மனசு வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் தையல்காரி கண் விழித்தாள். விழித்ததும் அழுதாள். “என் புள்ளைக்கு நான் ஒரு வாய் பால் கொடுக்கலையே. யாரு கொடுத்தா? யாரு தூக்குனா?”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் வார்டிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். வைத்தபோது அவளுக்கு உயிரே கழன்று போனது. பிள்ளையையும் கொடுத்து, கூடவே எண்பத்து மூன்றையும் கொடுத்தால் அந்தத் தாய் எப்படித் தாங்குவாள் என்று நினைத்தாள். ஆகவே சொன்னாள்:

“ஒரு தடவைதான் நான் கொடுத்தேன். ரொம்ப அழுதான், அதான். மத்ததெல்லாம் பாட்டில்தான். பயப்படாதீங்க, உங்க பால்தான் அவனுக்கு.”

நல்ல பொய். அந்த நேரத்தில் அதைவிட நல்ல உண்மை எதுவும் கைவசம் இல்லை. தையல்காரி அந்த ‘ஒரு தடவை’யை முப்பது வருடம் பட்டுத் துணிபோல மடித்து வைத்திருந்து, ஒரு ஞாயிறு நாலே கால் மணிக்கு எடுத்து விரித்தாள்.

6

புதன்கிழமை நண்பகல். பெரிய மருத்துவமனை, மூன்றாம் மாடி. லிஃப்ட் வாசலில் ‘பழுது பார்க்கப்படுகிறது’ பலகை. உண்மையாகவே பழுதுதான், கதைக்காக நான் நிறுத்தவில்லை. மேல்கீழ் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவு ஓடும் பள்ளத்திலிருந்து ஒரு மாத்திரை அட்டையைக் குறடால் இழுத்துக்கொண்டிருந்தான்.

நர்ஸ் அறுவைக்கூடப் பச்சை உடையோடு வெளியே வந்தாள். காலை அறுவை முடிந்திருந்தது. எல்லாப் பஞ்சும் வந்துவிட்டது.

“சாப்பிட்டியா?” என்றாள்.

“இல்ல ஆன்ட்டி. முடிச்சிட்டுச் சாப்பிடலாம்னு.” கழிவுத் துணியில் கையைத் துடைத்தான். கிரீஸ் போகவில்லை. “உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க. சும்மா பேருக்குத்தான்.”

“யாரு?”

“எல்லாரும்.”

அவன் கைபேசி அடித்தது. எடுத்து, நர்ஸுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

“நான் கீழ வந்துட்டேன். என்ன, லிஃப்ட் ஓடலை?” என்றது கண்ணாடிக் கடைக்காரியின் குரல்.

“நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்.”

“கட்டிக்கப் போறவளைப் படியேற வைக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன். கேட்டியா அம்மாகிட்ட?”

“கேக்கப் போறேன்.”

“நான் வர்ற வரைக்கும் இரு. இல்ல, வேணாம், கேட்டுடு. அம்மா, கேக்குதா? ஒண்ணுன்னு சொல்லும்மா. சொல்லிட்டு வா, சாப்பிடப் போலாம். பசி உயிர் போகுது.”

வைத்துவிட்டாள். அவன் சிரித்தான். நர்ஸும் சிரித்தாள். (படத்தில் இருக்கிற சிரிப்பு இதுவாக இருக்கலாம். ஓவியருக்கு நன்றி.)

பிறகு அவன் சிரிப்பை நிறுத்தினான்.

“ஆன்ட்டி, இந்தச் சட்டம் உங்களுக்குக் கிடையாது. எனக்கு உண்டு. ஃபாதர் இல்லைன்னாரு, அதனால உங்களுக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம். அப்பா ஒரு நம்பர் சொல்றார், ஆலிம் ஒரு நம்பர் சொல்றார். நீங்க எனக்குச் சாதகமா எதையும் சொல்ல வேணாம். எவ்வளவோ, அவ்வளவு சொல்லுங்க. வேற மாதிரி இருந்து பின்னாடி தெரிஞ்சா, நான் அவ முகத்துல எப்படி முழிப்பேன்?”

நர்ஸ் அவன் கைகளைப் பார்த்தாள். பதினோரு நாள் அவளுடைய ஒரு விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தூங்கிய கைகள். இப்போது இரும்பைப் பிடிக்கின்றன.

“எத்தனை தடவை, ஆன்ட்டி?”

7

முடிவு ஒன்று. “ஒரு தடவைதான்” என்றாள்.

கல்யாணம் நடக்கும். பிஷப் அனுமதி வரும். ஆசிரியர் மகிழ்வார். பாஸ்டர் வராமல் இருந்து தன் எதிர்ப்பைக் காட்டுவார், சாப்பாட்டை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுவார். முப்பது வருடங்களுக்கு முன்பு அதே வார்த்தையைச் சொன்னபோது அவள் ஒரு தாய்க்கு அவள் பிள்ளையைக் கொடுத்தாள். இப்போது அதே வார்த்தையால் ஒருவனிடமிருந்து அவன் கேட்ட உண்மையைப் பிடுங்கிக்கொள்வாள். அவளுடைய சட்டத்தில் எண்பத்து மூன்றுக்கு எடை கிடையாது, பொய்க்குத்தான் எடை. அவனுடைய சட்டத்தில் எண்பத்து மூன்றுக்கு மலையளவு எடை. இருவரில் யாருடைய தராசில் அவள் நிற்பது?

முடிவு இரண்டு. “எண்பத்து மூணு” என்றாள்.

இதை எழுதினேன். அவன் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். எழுந்தபோது அவளை ‘அம்மா’ என்று கூப்பிட்டான். நர்ஸுக்கு ஒரு மகன் கிடைத்தான். அந்த இடத்தில் எனக்கே கண் கலங்கியது. உடனே சந்தேகப்பட்டேன். எனக்குக் கண் கலங்கும் இடங்களில் பெரும்பாலும் யாரோ ஒருவரை மறந்துவிட்டிருப்பேன். மகள் பசியோடு படியேறி வந்துகொண்டிருக்கிறாள்.

முடிவு மூன்று. “ஞாபகம் இல்லப்பா” என்றாள்.

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர், இதுதான் கச்சிதம் என்கிறார். எண்ணிக்கையில் சந்தேகம் வந்துவிட்டால் ஐந்துக்காரர்களின் பள்ளியில் தடை நிலைக்காது. மார்க்கத்தில் பேணுதல் உள்ளவன் தானாக விலகிக்கொள்வான், இல்லாதவன் கட்டிக்கொள்வான். பொறுப்பு அவன் தலையில். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஆனால் அவளுக்கு அந்த வருடத்தில் மிஞ்சியது அந்த எண் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் மருத்துவமனை எடுத்துக்கொண்டது. அதையும் மறந்துவிட்டேன் என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்கும் அளவுக்கு நான் கெட்டிக்காரன் இல்லை.

முடிவு நான்கு. “கொஞ்சம் இருப்பா” என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போய், மகளைப் பாதி வழியில் நிறுத்தி, முதலில் அவளிடம் சொன்னாள்.

நியாயமான முடிவு. சம்பந்தப்பட்டவளுக்கு முதலில் தெரிய வேண்டும் அல்லவா? நம்பிக்கையோடு எழுதிக்கொண்டு போனேன். தாய் எல்லாவற்றையும் சொன்னாள்: வார்டு, இரண்டு நாள் குழந்தை, அட்டை, கோடுகள். மகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

“நீ எதுக்கும்மா எண்ணுனே?”

அந்தக் கேள்விக்கு அப்புறம் எழுத வேண்டிய வரி எனக்கு வரவே இல்லை. நான்கு நாள் காத்திருந்தேன். பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே உங்களுக்குக் காட்டியும்விட்டேன்.

8

ஆசிரியர் நாளைக்குள் கேட்கிறார். நான் அனுப்பப் போவது இவ்வளவுதான்.

இரண்டு மதங்களின் சட்டங்களையும் என்னால் முடிந்த வரை நேர்மையாகச் சொல்லிவிட்டேன். ஒரு தடவை என்பவர்கள், ஐந்து தடவை என்பவர்கள், பாலே தடையில்லை என்பவர்கள், ஆளே தடை என்பவர்கள். எல்லோருக்கும் அவரவர் புத்தகத்தில் வரி இருக்கிறது. எல்லோரும் பதில் வைத்திருக்கிறார்கள். கேள்வி மட்டும் ஒரு பெண்ணிடம் வந்து நிற்கிறது. அவளுக்கு உதவப் புத்தகம் எதுவும் மூன்றாம் மாடிக்கு ஏறி வரவில்லை.

அவன் கேட்டுவிட்டான். பதில் வரட்டும் என்று குறடைக்கூடக் கீழே வைத்துவிட்டான். அவள் வாயைத் திறந்துவிட்டாள். மகள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்குகிறாள். செருப்புச் சத்தம் மறுபடி கேட்கிறது. இன்னும் பதினெட்டுப் படி.

உங்களில் ஒரு தடவைக்காரர்கள் இருப்பீர்கள், ஐந்து தடவைக்காரர்கள் இருப்பீர்கள், இரண்டும் இல்லாதவர்களும் இருப்பீர்கள். அதெல்லாம் உங்கள் சௌகரியம். கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன்.

“_______________” என்றாள்.

நீங்களே எழுதுங்கள். எதை எழுதினாலும், படியில் வருகிறவளுக்கும் கேட்கும்படி எழுதுங்கள்.